ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் ஓர் ஐஸ் மெஷின்

அக்காவுக்கு வந்த மசக்கை சாதாரண மசக்கை இல்லை. ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனால் இரண்டு வாயாக வெளியே வந்தது. மோர், எலுமிச்சை ரசம், பொரி, எதுவும் தங்கவில்லை. மயிலாப்பூரில் புகுந்த வீட்டின் உள்ளறையில், உதடு வெடித்து, கண் குழிந்து சுருண்டு கிடந்தாள். அத்திம்பேர் ஆபீஸ் வேலையாக வடக்கே போயிருந்தார். எங்கள் அம்மா இருந்திருந்தால் அடையாறில் எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருப்போம். இல்லையே!

புதன்கிழமை டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஐஸைப் பொடி பண்ணி வாயில போட்டுக்கிட்டே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது தங்கலைன்னா ஆஸ்பத்திரிதான். அப்புறம் குழந்தைக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாதும்மா."

வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது, ஐஸும் இருந்தது. உடைக்கத்தான் வழியில்லை. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, எதையும் தட்டி உடைக்கக் கூடாது என்பார்கள். அக்காவின் மாமியார் தேங்காயைக்கூட எதிர்வீட்டில் கொடுத்து உடைத்து வாங்குகிறவர். போன வருஷம் மாமி காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்தார். அக்கா முழுகாமல் இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. அதே வாரம் கரு கலைந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சுத்தியல் கண்ணிலேயே படவில்லை.

நான் கேட்கிற ரகமா? ஐஸைச் சாக்கில் சுற்றித் தெருவுக்கே எடுத்துப் போய்க் குழவிக்கல்லால் ஒரு போடு போட்டேன். மாமி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாண்டி! உன் கால்ல வேணாலும் விழறேன். தட்டாதே!"

அந்தக் கூச்சலில் உள்ளே அக்கா எழுந்து உட்கார்ந்து மறுபடி வாந்தி எடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐஸ்கட்டி உடைஞ்சா கர்ப்பம் கலைஞ்சுடுமா மாமி? நன்னா இருக்கு நியாயம்! தினம் மாவு அரைக்கறேளே, அதுக்கு மட்டும் தோஷம் இல்லையா?"

"அரைக்கறது வேற, உடைக்கறது வேற" என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அம்மியில் வைத்துப் பார்த்தேன். ஐஸ் வழுக்கி ஓடியது. அப்போதுதான் ஐஸ் அரைக்கிற மெஷின் யோசனை வந்தது. சும்மா கொண்டுபோனால் வாசலோடு திருப்பிவிடுவார். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, சம்பந்தி வீட்டுச் சீராகக் கொடுத்தால்? தட்டில் வந்த சீரைத் தள்ளுகிற துணிச்சல் மாமிக்கு வராது.

வியாழக்கிழமை நந்தனம் ஆபீஸில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் பாண்டி பஜாருக்கு ஓடினேன். முதல் கடையில் மிக்ஸியைக் காட்டினார்கள். ஐஸ் போட்டால் பிளேடு போய்விடும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அடுத்த கடையில் தகரத்தில் ஒன்று. கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. கடைக்காரன் என்னை முறைத்தான், நான் அவனை முறைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி.

"வீட்டுக்கா கேக்கிய? ஜூஸ் கடைக்காரங்கள்லா இத வாங்குதாங்க" என்றார்.

"இது தட்டி உடைக்குமா, அரைக்குமா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "சத்தம் வரும். ஆனா தட்டாது. பல்லு சுத்திச் சுத்தி அரைக்கும்."

"அரைச்சுக் காட்டுங்கோ."

பக்கத்து சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொன்னார். மேஜையோரம் நின்ற மெஷினில் நானே போட்டுச் சுற்றினேன். கல்லுப்பு போலக் கொட்டியது. பல் இன்னும் பொடியாக இருக்கிற இன்னொரு தினுசும் இருந்தது. அதையும் சுற்றிப் பார்த்து, அதுதான் வேண்டும் என்றேன். அட்டைப்பெட்டியில் புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "பரிசா? கலர் பேப்பர் சுத்தட்டா?" "சுத்துங்கோ, சீக்கிரம்!"

தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், நடுவே பெட்டி. நான் கணக்குப் போட்ட மாதிரியே மாமி மறுக்கவில்லை. குங்குமம் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தார். முதலில் வந்தது மெஷின் இல்லை. ஒரு பொட்டலத்தில் விரல் நீள ஆணி மாதிரி நாலு திருகாணி. மெஷினின் முதுகில் அதற்கு நாலு ஓட்டை.

"இது எதுக்கு?"

சுவரில் முடுக்க வேண்டிய மெஷின். கடையில் மேஜையோரமாகத் திருகி வைத்திருந்ததை அவசரத்தில் நான் பார்க்கவே இல்லை. தரையில் நிறுத்திச் சுற்றினேன், குப்புற விழுந்தது. ஒரு கையால் பிடித்து ஒரு கையால் சுற்றினேன், மெஷினே சுற்றியது. சுவரில் ஓட்டை போடுவது என்றால் மறுபடி சுத்தியல். "எல்லாம் உங்களாலேதான்!" என்று மாமியைப் பார்த்துக் கத்தினேன். "இந்தக் குழந்தையும் போனா அப்போ யார் மேல பழி போடுவேள்?"

சொன்ன வார்த்தை கூடத்திலேயே நின்றது. உள்ளே அக்கா ஓங்கரித்தாள். வருவதற்கு வயிற்றில் எதுவும் இல்லாமல், வெறும் சத்தம் மட்டும் வந்தது.

மாமி தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். மெஷினை மடிமேல் தூக்கி வைத்து, அதன் முதுகைத் தன் வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"நான் பிடிச்சுக்கறேன். நீ சுத்து."

சுற்றினேன். ஐஸ் பல்லில் மாட்டி நொறுங்கிய சத்தத்தில் மாமியின் உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ சுலோகம் முணுமுணுத்தார். இது அரைப்பது இல்லை, உடைப்பதுதான் என்று அந்தச் சத்தம் அவருக்கும் சொல்லியிருக்கும். நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தினே? சுத்துடி!"

கிண்ணம் நிறைந்ததும் மாமியே எடுத்துப் போய் அக்காவின் வாயில் ஸ்பூனால் வைத்தார். புடவையெல்லாம் ஈரம். நாங்கள் இரண்டு பேரும் அக்காவின் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது வரும், இப்போது வரும் என்று என் கை தானாக வாந்திப் பாத்திரத்தைப் பிடித்திருந்தது. வரவில்லை. இன்னொரு ஸ்பூன். அதுவும் தங்கியது.

அக்கா கண்ணைத் திறந்து மாமியைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் தரேளாம்மா?"

மாமி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை பொங்கியது. நான் அவர் தோளைத் தொடப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, மறுபடி கூடத்தில் போய் உட்கார்ந்து மெஷினை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"அழறதுக்கு இதுவா நேரம்? ஐஸை எடுத்துண்டு வா."