செம்புள்ளி இல்லை என்று எழுதினேன்

எனக்குச் சிவப்பும் பழுப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. மண்ணின் நிறம் பார்த்து எழுதுவதுதான் என் உத்தியோகம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வேலைக்குச் சேர்ந்தபோது, கண் பரிசோதனையில் காட்டும் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தப்பித்தேன். அதன்பின் உடன் வரும் உதவியாளர் செல்வி காப்பாற்றினாள், அவளுக்கே தெரியாமல். குழியிலிருந்து மண்கட்டியை எடுத்து நனைத்து, வெயிலில் நிற அட்டையோடு சேர்த்துப் பிடித்து, "நீயே சொல்லும்மா, பாப்போம்" என்பேன். சொன்னதற்குத் தலையாட்டுவேன். பெரிய பரீட்சை வைப்பவனைப் போல!

சேத்தியாத்தோப்புப் பக்கம் கலியமூர்த்தியின் நிலத்துக்குப் போன அன்று செல்வி விடுப்பு. நெல்லை விட்டுக் கொய்யா வைக்க ஆசைப்பட்டார் அவர். அடிமண்ணில் துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள் இருந்தால் நீர் தேங்கும் நிலம், கொய்யா ஆகாது. குனிந்து பார்த்தேன்... எல்லாம் ஒரே நிறம். நாளை வருகிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு இல்லையா? "பழுப்பு, புள்ளி இல்லை" என்று எழுதிவிட்டேன்.

ஐப்பசி மழையில் கன்றுகள் வேரழுகிச் செத்தன.

அந்த மண்ணை எடுத்துவந்து செல்வியிடம் காட்டினேன். "எந்த ஊரு சார் இது? இவ்ளோ செவப்புப் புள்ளி!" என்றாள். ஊரை நான் சொல்லவில்லை.

கன்று கொடுத்தவர் கலியமூர்த்தியின் மனைவிக்குத் தம்பி. சிதம்பரத்தில் நாற்றங்கால் வைத்திருக்கிறார். பழி அவர் தலையில் விழுந்தது.

"நீங்க பாத்த மண்ணு தப்பாவுமா சார்? மச்சான்தான் சொத்தக் கன்ன குடுத்து ஏமாத்திட்டான். இனிமே அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றார் கலியமூர்த்தி.

சொல்லியிருக்கலாம்... சொன்னால் வேலை போகும், என் பிழைப்பு சந்தி சிரிக்கும். கோழை! வேறென்ன?

சென்ற மாதம் அவர் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் அல்லவா பிள்ளையை உட்கார வைக்க வேண்டும்? "அவன் வேணாம். நீங்க ஒக்காருங்க சார்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார் கலியமூர்த்தி. அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுக்க என்னிடம் ஒரே காரணம்தான் இருந்தது. அதைத்தான் சொல்ல முடியாதே! உட்கார்ந்தேன்.

தட்டார் ஊசியை எடுத்ததும் பிள்ளை என் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"எங்க மாமா ஏன் வரல?"

கேட்டது என்னிடம்தான். அவள் தலை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். பதில் எனக்கு மட்டும்தான் தெரியும்... இன்றுவரை சொல்லவில்லை.