தூதர் கழற்றிய காலணி

டெல்லியில் யூகோஸ்லாவியத் தூதருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார் என் மாமா. அப்படி ஒரு நாடு அப்போது இருந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மாவிடம் தூதர் புராணம்தான். பள்ளி முடித்த வயதில் துப்பாக்கியோடு மலையேறி ஜெர்மன்காரர்களை எதிர்த்தவராம். பிறகு கோட்டு சூட்டோடு நாடு நாடாகத் தூது போனாராம். அமைச்சரானாராம், ஒரு பேச்சு கூடிப்போனதால் பதவி பறிபோய் வீட்டுக்காவலில் கிடந்தாராம், திரும்பவும் தூதரானாராம்.

அந்த மனிதர் புதுச்சேரிக்கு வந்தபோது தமிழ் பேச மாமாவையும் கூட்டிவந்தார். உப்பளம் பார்க்கணும் என்றிருக்கிறார். எங்க அக்கா வீட்டிலேயே இருக்குது என்று மாமா சொல்லிவிட்டார். வாய் சும்மா இருந்ததில்லை அவருக்கு.

எங்கள் உப்பளத்தருகே கார் நின்றதும் மாமா மட்டும் வரப்பில் முன்னால் ஓடிவந்தார்.

"மச்சான், இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க. ஷூவோட எறங்கினாலும் வுட்டுடுங்க. என் வேலையே போயிடும்."

"தளம் ஒடைஞ்சா நீயா வந்து மிதிக்கப்போற? கழட்டிட்டு எறங்கச் சொல்லு" என்றார் அப்பா.

வாரக்கணக்கில் மிதித்து மிதித்து அவர் கெட்டிப்படுத்திய உப்புப் பாத்தித் தளம் அது. போன கோடையில் செருப்போடு இறங்கிய வியாபாரியை அவர் பேசிய பேச்சு அனுமந்தை ஊர் வரை கேட்டதாகச் சொல்வார்கள். மாமா வியர்த்து நின்றார். நான் தூதரைப் பார்க்கவில்லை, அவருடைய ஷூவைத்தான் பார்த்தேன். கறுப்பாக, வெயிலில் மின்னிக்கொண்டு, வரப்பின் விளிம்புக்கு வந்துகொண்டே இருந்தது. அப்பா வாயைத் திறந்தார்.

தூதர் வரப்பில் உட்கார்ந்தார். நாடாவை அவிழ்த்தார், சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தார், பேண்ட்டை முழங்காலுக்கு மடித்தார். குதிகால் அழுந்தாமல், பாதம் முழுக்கப் பரவ, அப்பா இறங்குகிற மாதிரியே இறங்கினார். உப்பு வாரும் பலகைக்குக் கை நீட்டினார். அப்பா கொடுத்துவிட்டார்!

தூதர் ஏதோ சொல்ல, மாமா எங்கள் பக்கம் திரும்பினார். "இவங்க அப்பாவும் உப்பளத்துலதானாம். இத்தினி வருசமா வண்டி ஓட்டறேன், எங்கிட்ட சொன்னதே இல்ல."

"ஏம்பா, நம்மாளுன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் அப்பா. மாமா சிரித்த சிரிப்பில் உப்புக் குவியல்மேல் இருந்த காக்கைகள் எழும்பின.

கிளம்பும் நேரம் வந்தது. அடுத்த வாரம் தூதரை அவர் ஊருக்கே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மாமா தணிந்த குரலில் சொன்னார். மறுபடி அமைச்சராக்கவா, அடைத்து வைக்கவா, யாருக்கும் தெரியாதாம்.

"சொந்த ஊருக்குத்தானே போறாரு," என்றார் அப்பா. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. லீவு விட்டால் வீட்டுக்குப் போக யாருக்குத்தான் கசக்கும்?

மாமா போய்க் கூப்பிட்டார். தூதர் நிமிராமல், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டிவிட்டு உப்பை இழுத்தார். மாமாவின் வேலை பிழைத்துவிட்டது, அப்பாவின் தளமும் பிழைத்துவிட்டது. அந்த நிம்மதியில் நான் வரப்பின்மேல் குதித்துக் குதித்து ஓடினேன். தூதர் முகத்திலும் நிம்மதிதான் இருந்தது. ஆனால் காத்திருக்கும் ஷூவின் பக்கம் அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.