கண்ணெதிரே விழுங்கிய மாத்திரை

ரொட்டி அடுப்புக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற மனுஷியை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தெருவே பார்த்தது. மற்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தாலே வியர்த்து ஊற்றும். இவளுக்குக் கைவிரல் விறைக்கும். கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்? 'கம்பளியக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. "கம்பளி இல்லேன்னா நான் ஐஸ்கட்டி. பொட்டலம் கட்டித் தரட்டுமா?" என்பாள்.

கடை மாமியாருடையது. கல்லாவில் மாமியார், வண்டியில் சரக்குப் போடப் புருஷன், அடுப்பில் இவள். மாமனார் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, அடுப்பை யார் பார்ப்பது என்று எல்லாரும் திருதிருவென்று முழிக்க, கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கியவள் இவள்தான். சுட்டுக்கொண்டாள், கருக்கினாள், திட்டு வாங்கினாள், கற்றுக்கொண்டாள். அந்த வீட்டில் 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த அடுப்பு ஒன்றுதான் இருந்தது.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தைராய்டு வந்தது. ஸ்வெட்டர் போட வைத்த குளிரும் அதோடு வந்ததுதான். உடம்பு ஊதியது, முடி கொத்துக்கொத்தாய்க் கொட்டியது, நின்ற இடத்திலேயே தூக்கம் சொக்கியது. டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குவாள், டீகூட அப்புறம்தான். அப்படியும் ரத்தம் பார்க்கும்போதெல்லாம் மோசமாகவே இருந்தது. டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார். ஊஹூம், ஒன்றும் அசையவில்லை.

போதாக்குறைக்கு வயிறு வேறு. ஒரு பன் தின்றால் பானை மாதிரி உப்பும். போகாவிட்டால் நாள்கணக்கில் போகாது, போனால் நிற்காது. கழுத்து வியாதிக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் வயிற்றுச் சங்கதியை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாள்.

மாமியாருக்குத் தெரிந்தது ஒரே பதில்தான். "முழுங்கினா ஏன் கேக்கல? குப்பையில போடுறா. படுத்துக் கிடக்க ஒரு சாக்கு வேணும்ல?"

ஒருநாள் அடுப்பெதிரே உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டாள். ஒரு தட்டு ரொட்டி கரியாகிப் போனது. மாமியார் கடை அதிரக் கத்தினாள். "அடுத்த மாசம் வேற மாஸ்டர் வர்றாரு. நீ வீட்டோட கிட!"

இவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "நீ மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டிருந்தா அம்மா ஏன் பேசப் போறாங்க?" என்றான். மாமியார் போட்ட சத்தத்தைவிட அதுதான் அவளுக்குச் சுட்டது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது மாமியாரும் கூடவே வந்தாள். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா தயங்கிக் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்கம்மா. மாத்திரைய தினமும் சாப்பிடுறீங்களா?"

"நல்லாக் கேளுங்க டாக்டர்," என்றாள் மாமியார்.

அவ்வளவுதான், இவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியாமத்தான் கேக்குறேன். என் வாய், என் தொண்டை. நான் முழுங்கினேன்னு சொன்னா ஒருத்தர்கூடவா நம்ப மாட்டீங்க? இப்பவே கொடுங்க. உங்க கண்ணெதிர்லயே முழுங்குறேன். இங்கேயே உக்காந்திருக்கேன், ரத்தத்தை எடுத்துப் பாருங்க. அப்புறம் பேசுங்க!"

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்தார். "அப்படி ஒரு பரிசோதனையே இருக்கும்மா. நான்தான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

குறித்த நாளில் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தாள். நர்ஸ் முன்னால் மாத்திரைகளை விழுங்கினாள். மாமியார் திருடனைக் காவல் காக்கிற போலீஸ் மாதிரி பக்கத்திலேயே இருந்தாள். சாயங்காலம்வரை விட்டு விட்டு ரத்தம் எடுத்தார்கள்.

"நீங்க சொன்னது சத்தியம்," என்றார் டாக்டரம்மா, முடிவு வந்ததும். "மருந்து வயித்துக்குள்ள போயிருக்கு, ரத்தத்துல சரியா சேரல. உங்க வயிறு எப்படி இருக்கு?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அகப்பட்டது கோதுமை.

"உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உங்க தைராய்டைத் தாக்குது. கோதுமை உள்ள போனா குடலையும் தாக்குது. தைராய்டு இருக்கிற எல்லாருக்கும் இப்படி வராது. சிலருக்கு ரெண்டும் சேர்ந்து வரும். குடல் புண்ணாயிட்டா மருந்தை எப்படி உறிஞ்சும்? இனி கோதுமை, மைதா ஒரு துணுக்குகூட வேண்டாம். மாவுத் தூசிகூட வாய்க்குள்ள போகக் கூடாது."

ரொட்டிக்காரிக்கு ரொட்டியே எமன்! இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

வெளியே வந்ததும் மாமியாரின் குரல் குழைந்தது. "பாவம்டி நீ. இனிமே அடுப்புப் பக்கமே வராத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அத்தை, பொய்க்காரின்னு சொல்லி அடுப்பைப் புடுங்கப் பாத்தீங்க. இப்ப நோயாளின்னு சொல்லிப் புடுங்குறீங்க. எப்படிப் பாத்தாலும் அடுப்பு எனக்கு இல்ல, அப்படித்தானே? டாக்டர்கிட்ட எல்லாம் கேட்டுட்டேன். மாவு பின்கட்டுல இருக்கட்டும், நடுவுல கதவு போடுங்க. பிசையறது உங்க புள்ள. நான் முகமூடி போட்டுக்கிட்டு அடுப்பைப் பாக்குறேன். என் ரத்தம் ஒத்துக்கலேன்னா நானே விலகிக்கிறேன். நீங்க சொல்லி இல்ல."

புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மறுநாளிலிருந்து முழங்கைவரை மாவோடு நின்றான்.

கோதுமையை அடியோடு விட்டாள். வயிறு மெல்ல அடங்கியது. மாதங்கள் போகப் போக ரத்தமும் வழிக்கு வந்தது. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் குறைத்தார். புது மாஸ்டர் பேச்சு அத்தோடு நின்றது. மாமியாருக்குத்தான் நமைச்சல் அடங்கவில்லை. ஒருநாள் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள்.

"எல்லாம் சரி. நாக்குல வச்சே பாக்காதவ, ரொட்டி நல்லா இருக்கு இல்லேன்னு எப்படிடி சொல்லுவ?"

இவள் உறை போட்ட கையால் அப்போதுதான் வெளியே வந்த ரொட்டியைப் பிட்டாள். ஆவி பறந்தது. ஒரு துண்டை மாமியாரிடம் நீட்டினாள்.

"நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க அத்தை. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

மாமியார் வாங்கிக் கடித்தாள். விழுங்கத்தான் வெகுநேரமாயிற்று.