என் பெயரில் ஏறியவர்கள்

சனிக்கிழமை மதியம், பெங்களூர் அல்சூரில் ஒரு பிரியாணிக் கடை. வந்திருந்தவர்கள்: ரஹ்மான், நாகராஜ், செல்வி — கஸ்டமர் சப்போர்ட்டில் என்னோடு போன் எடுத்தவர்கள். வராதவர் எங்கள் மேனேஜர். கூப்பிட்டேன். 'மீட்டிங்' என்றார். சனிக்கிழமையில்!

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளேயே வேறு பிரிவுக்குப் போகிறவர், விட்டுப்போகும் டீமுக்கு ட்ரீட் தரவேண்டும். எனக்கு இது மூன்றாவது. தொண்ணூற்றாறில் பார்சல் கட்டச் சேர்ந்தேன். பிறகு டேட்டா என்ட்ரி. பிறகு போன். இப்போது டெஸ்டிங் — புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற உத்தியோகம்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஒரே கம்பெனியில எத்தன வாட்டிடா எடம் மாத்துவாங்க? வளத்து விடறாங்களா, தொரத்தி விடறாங்களா?"

இந்த முறை எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. டெஸ்டிங்குக்கு ஒரு மாதம், பகல் முழுக்கப் பயிற்சி. கடைசியில் பரீட்சை. தேறாவிட்டால் வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரை எடுத்துக்கொள்வார்கள். நானோ ஈவ்னிங் காலேஜ் பி.காம்.

மேனேஜர் சொன்னார்: "போ, வேணாங்கல. ஆனா பதில் ஆள் வர்ற வரைக்கும் உன் சேர் காலியா இருக்கக் கூடாது. யார் உக்கார்றாங்கன்னு நான் கேக்கமாட்டேன்."

ஒரே நேரத்தில் இரண்டு நாற்காலியில் எப்படி உட்காருவது?

மூன்று பேரும் வேறுவேறு நாளில் வரும் தங்கள் வார விடுமுறைகளை முறைபோட்டு என் நாற்காலிக்குக் கொடுத்தார்கள். ஆனால் ஷிப்ட் பட்டியலில் இருந்தது என் பெயர். கம்பெனி கேப் வருவது என் வீட்டுக்கு! அதனால் ரஹ்மான் சிவாஜி நகரிலிருந்தும், நாகராஜ் மல்லேஸ்வரத்திலிருந்தும், செல்வி கே.ஆர்.புரத்திலிருந்தும் ஜோகுபாளையத்துக்கு வந்து, எங்கள் வாசலில் நின்று, 'நானாக' ஏறினார்கள். நான் காலையிலேயே பஸ் பிடித்துப் பயிற்சிக்குப் போயிருப்பேன். வேலை முடிந்து கேப் அவர்களை இறக்கிவிட்டதும் அதே வாசலில்தான்.

டிரைவர் பட்டியலைப் பார்த்தாராம்... செல்வியைப் பார்த்தாராம்.

"மேடம்... ஏழுமலை?"

"இன்னிக்கு நான்தாண்ணா. வண்டிய எடுங்க."

பரீட்சையில் தேறிவிட்டேன். அதற்குத்தான் இந்தப் பிரியாணி.

"பஸ்ல அவ்ளோ தூரம் அலைஞ்சு..." என்று நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

ரஹ்மான் சிரித்துவிட்டான். "பஸ்ஸா? லேட்டானா கேப் நிக்குமா பாய்? ஆட்டோதான்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எல்லாரும் ஆட்டோவா? எவ்ளோ ஆச்சு?"

"பிடு குரு," என்று கன்னடத்தில் விட்டுத்தள்ளச் சொன்னான் நாகராஜ். "பிரியாணி ஆறுது."

"உங்கம்மா தெனம் இட்லி போட்டாங்கல்ல," என்றாள் செல்வி, "அதுல கழிஞ்சு போச்சு."

ஒரே கம்பெனியில் ஒருவன் படிப்படியாக மேலே வந்தால், 'உழைப்பாளி' என்கிறோம். சரிதான். ஆனால் அவன் எழுந்து போனபோது அவன் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்கிறோமா?

நான் கேட்டேன். விடாமல் நச்சரித்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக் கூட்டினேன். திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார்களாம்.

நான் டெஸ்டிங்குக்குப் போவதற்காக அந்த மூவரும் கைக்காசிலிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்தது — இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.