சட்டைப் பையில் இருந்த சீட்டு

நான் கேட்டது கிடைக்கவில்லை. சாட்சி எழுத வந்தவன் இதிலிருந்து தொடங்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் என் மனைவி மெர்சிக்காக நம் சபையே உபவாசம் இருந்தது உங்களுக்குத் தெரியும். போன வருடம் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவளைப் பாபநாசம் கல்லறையில் அடக்கம் செய்தோம். அதே நாளில் நான் இன்னொரு ஜெபமும் செய்தேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பைலட் படிப்பவர்கள் ஓட்டும் சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் நான் மெக்கானிக். அப்பா ஊரில் பம்புசெட் மெக்கானிக். தொழிலை முதலில் அவரிடம்தான் கற்றேன். மோட்டாரில் வாஷர் போனால் நாம் என்ன செய்வோம்? பழையதைக் கையோடு எடுத்துப் போய், "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்போம். கடைக்காரர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக் கொடுப்பார். தண்ணீர் ஏறிவிடும்.

விமானத்தில் அப்படிச் செய்யவே கூடாது. புத்தகத்தில் அந்தப் பாகத்தின் எண்ணைப் பார்த்து, ஸ்டோரில் அந்த எண்ணைச் சொல்லி வாங்கி, பாக்கெட்டோடு வரும் சீட்டில் அதே எண் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். பிறகு அந்தச் சீட்டை வேலைத்தாளில் குத்தி வைக்க வேண்டும். பதினோரு வருடம் நான் ஒருநாள்கூடத் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மெர்சியை அடக்கம் செய்த அந்த வாரம், செவ்வாய்க்கிழமை ஒரு விமானத்தின் பிரேக்கில் ரப்பர் சீல் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா போன் செய்தார்.

"டேவிட்டு, மெர்சிக்கு டெங்குன்னு சொல்லிட்டாங்கப்பா. ரத்த அணு ரொம்பக் கொறஞ்சிருச்சாம். தஞ்சாவூருக்குக் கொண்டுட்டுப் போறோம். ஒடனே கெளம்பி வா."

முடித்துவிட்டு ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கழற்றிய பழைய சீலோடு ஸ்டோருக்குப் போய், அலமாரியில் நானே தேடினேன். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதே வட்டம், அதே தடிமன், அதே கறுப்பு. எண்ணைப் பார்க்கவில்லை. மாட்டினேன். சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிரேக்கை அழுத்திப் பார்த்தபோது ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும். கெளம்புப்பா" என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் மெர்சிக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டீங்களா?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. வியாழக்கிழமை மதியம் போய்விட்டாள். சாலையோரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இனி ஜெபிக்கவே மாட்டேன் என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் மெர்சியின் சவப்பெட்டி இருந்தது. மெர்சியின் அம்மா, என் அத்தை, அழுது அழுது குரலே இல்லாமல் என்னிடம் வந்தார்.

"தம்பி, மூணு நாளா இதே சட்டையோட இருக்கீங்க. கோயிலுக்கு எடுக்கப் போறாங்க. அவளுக்குப் பிடிக்காதுப்பா, மாத்திக்கிட்டு வாங்க."

பையைக் காலி செய்தேன். மருந்துக் கடை ரசீது, பேனா, அந்தச் சீட்டு. பழக்கதோஷத்தில் எண்ணைப் படித்தேன். கடைசி இலக்கம் வேறாக இருந்தது. அளவு ஒன்றுதான், ரப்பர் வேறு. எங்கள் பிரேக் எண்ணெயில் ஊறினால் இரண்டு மூன்று நாளில் உப்பிவிடும். இறங்கும்போது பிரேக் பிடிக்காமலும் போகலாம், பிடித்த பிரேக் விடாமல் சக்கரம் இறுகிக்கொள்ளவும் செய்யலாம்.

வேலை முடிந்தபின் முதல் முறையாக, அன்று காலை பத்து மணிக்கு அந்த விமானத்தில் ஒரு மாணவி தன் ஆசிரியரோடு பறக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை.

இன்ஜினியரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஹேங்கர் போனை யாரும் எடுக்கவில்லை. மெர்சியின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டைதான் போட்டேன். "ஆண்டவரே, இவளைக் கேட்டேன், குடுக்கல. அந்த ரெண்டு பேரையாவது குடுங்க."

அப்போதுதான் ஜோதி அக்கா நினைவுக்கு வந்தார். வேலைத்தாள்களைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பவர். ஒரு தேதி விட்டுப்போனாலும் விடமாட்டார். 'முட்டுக்கட்டை' என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அவரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"டேவிட்டு, நல்லவேளை நீயே கூப்பிட்ட. உன் தாள்ல சீட்டு இல்லப்பா. ஒன்பதரையிலேருந்து பிளேனை விடாம வச்சிருக்கேன். எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. சீட்டு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் பதினொரு மணிக்கு எடுக்கப் போறாங்களாம்."

"எடுக்க விடாதீங்கக்கா. நான் தப்பான சீலைப் போட்டுட்டேன். சீட்டு என் கையில இருக்கு."

"சரி, நான் பாத்துக்கிறேன். வீட்டுல எப்படிப்பா இருக்காங்க?" என்று கேட்டார்.

"இப்பப் பெட்டியை மூடப் போறோம்க்கா."

அவர் அழுதது எனக்குக் கேட்டது. நானும் அழுதேன். மெர்சிக்காக அழுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வேலைக்குத் திரும்பியதும் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் தனியாக எந்த வேலையும் செய்யக்கூடாது என்றார்கள். நியாயம்தான். ஜோதி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டபோது, "மாரியம்மன் புண்ணியம், போய் வேலையப் பாரு" என்றார். என் ஆண்டவர் அக்காவுடைய பிடிவாதத்தைத்தான் பயன்படுத்தினார் என்று நான் நம்புகிறேன். அக்காவுடன் இதற்காகத் தர்க்கம் செய்ய மாட்டேன்.

நான் கேட்டது பத்தரைக்கு. விமானத்தை அக்கா நிறுத்தியது ஒன்பதரைக்கு. கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆண்டவர் கொடுத்திருக்கிறார். அப்படியானால் மெர்சிக்காகக் கேட்டபோது ஏன் கொடுக்கவில்லை? போதகர் ஐயாவிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனாலும் தினமும் ஜெபிக்கிறேன். இப்போது எந்தப் பாகத்தையும் எடுத்தவுடன் எண்ணைச் சத்தமாகவே படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

போன மாதம் அந்த மாணவி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவளுடைய அம்மா ஹேங்கருக்கு வந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

கேட்டது கிடைக்காமல் மனம் கசந்து இருக்கிறவர்களே, கசப்போடேயே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவர் என்னைத் தள்ளவில்லை.

கடைசியாக, பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காரும் என் அத்தைக்கு ஒரு வார்த்தை. அத்தை, பெற்ற மகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மருமகனின் அழுக்குச் சட்டையைக் கவனித்தீர்கள். நீங்கள் மாற்றச் சொல்லாவிட்டால் அந்தச் சீட்டு என் பையிலேயே இருந்திருக்கும். அந்த லட்டை நான் சாப்பிடவில்லை. உங்களுக்காக எடுத்து வந்து, என்ன விசேஷம் என்று சொல்லாமல் கையில் கொடுத்தேனே, அது இதற்குத்தான்.