சூடு போட்ட இடம்

எழுபதுகளின் கடைசியில், கோயம்புத்தூரிலிருந்து எலப்புள்ளி போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மண் ஏறிய நகங்கள், தோளில் வெள்ளைத் துண்டு. என்னோடு பேசும்போதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு கண்ணுலயும் விழித்திரைக்குப் பின்னால ரத்தம் கசியுதுங்க. நேராப் பார்த்தா உங்க மூஞ்சி இருக்கற எடம் கருப்பாத் தெரியுது. இப்படித் திரும்புனாத்தான் தெரியறீங்க" என்றார்.

மெட்ராஸுக்குப் போனால் ஒளியால் சுட்டுக் கசிவை அடைக்கலாம், ஆனால் சுட்ட இடத்தில் பார்வை திரும்பாது என்றாராம் ஒரு டாக்டர். தொடாமல் விடுங்கள், தானாக வற்றினாலும் வற்றும் என்றாராம் இன்னொருவர்.

"மாட்டுக்குச் சூடு போடறாப்பலதானுங்க. நோவு நிக்கும். ஆனா சூடு போட்ட எடத்துல மயிர் மொளைக்காது. நீங்கன்னா எதைச் செய்வீங்க?"

"வீட்ல கேட்டீங்களா?"

"ஊட்டுல ஆருங்க இருக்கறாங்க? அதானுங்க பஸ்ல கேக்கறேன்."

வெளியே ஓடும் பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலப்புள்ளியில் எழுந்து, "வர்றனுங்க" என்று கைகூப்பினார். விடைபெறும்போது முகத்தைத் திருப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அப்போது மட்டும் என்னை நேராகப் பார்த்தார். அந்த மரியாதைக்காக, என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.