பட்டியலில் இல்லாத பாஞ்சாலி

என் மகளின் நிச்சயதார்த்தம் ஒரு வாட்ஸப் ஜோக்கினால் நின்றுபோகப் போகிறது என்று ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். ஜோக் என்னுடையது. நல்ல ஜோக்கும் இல்லை. நல்ல ஜோக்கினால் நாசமாய்ப் போயிருந்தால் அதிலாவது ஒரு பெருமை இருந்திருக்கும்.

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு சின்ன பீங்கான் பட்டறை உண்டு. பொம்மை, பூச்சாடி, சாம்பிராணிக் கிண்ணம், கேட்டால் எதுவும் செய்து கொடுப்பேன். கூத்துப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சபை ஒன்று, மாவட்டத்துக் கூத்துக் கலைஞர்களுக்கு விருது கொடுக்கப்போவதாக அறிவித்தது. ராஜ வேடத்துக்கு ஒன்று, பெண் வேடத்துக்கு ஒன்று, கோமாளியாக வரும் கட்டியங்காரனுக்கு ஒன்று. விருதாகக் கொடுக்க, கிரீடம் வைத்த தலை பொம்மை வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். முதலில் பரிந்துரைப் பட்டியல் வெளிவரும், ஜெயித்தவர் யார் என்று விழா மேடையில்தான் சொல்வார்கள், நடுவர்கள் யார் என்பது அதுவரை ரகசியம் என்றார்கள். எனக்கென்ன வந்தது? களிமண் கூழைக் கரைத்து அச்சில் ஊற்ற ஆரம்பித்தேன்.

பட்டியல் வந்தது. பெண் வேடத்துக்கு மூன்று பேர். அதில் என் மச்சினன் இல்லை.

என் மனைவியின் தம்பி அவன். நல்லூர்ப் பக்கம் கரும்பு போடுகிறான். பங்குனி பிறந்துவிட்டால் பாஞ்சாலி. துகில் உரியும் கூத்தில் அவன் அழ ஆரம்பித்தால் முன்வரிசைப் பெண்கள் கற்பூரத்தை ஏற்றிவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள். அவன் பெயர் இல்லை. இருந்த மூவரில் ஒருவரோ மீசையை எடுக்க மனமில்லாமல் அதன்மேலேயே பவுடரை அப்பிக்கொண்டு பாஞ்சாலியாக வருகிறவர்.

மறுநாள் காலை ஜங்ஷன் ரோடு டீக்கடையில் நுழைந்தபோதே சண்டை நடந்துகொண்டிருந்தது. சத்தம் போட்டவர் மங்கலம்பேட்டை பாய். ஜவுளிக்கடைக்காரர். கூத்துக்காரர்களுக்கு ஜிகினாத் துணி கொடுத்துக் கொடுத்தே ரசிகராகிப் போனவர். எங்கள் கூத்து ரசிகர் வாட்ஸப் குழுவைத் தொடங்கியதும் அவர்தான். என் மச்சினன் ஆடும் கூத்து ஜமாவின் கட்டியங்காரன் என்றால் அவருக்கு உயிர். அவன் பெயரும் பட்டியலில் இல்லை.

"என்னா அநியாயங்க இது? போன வருசம் சொன்ன ஜோக்கயே இந்த வருசமும் சொல்றவன் பேரு இருக்குது. எங்க ஆளு பேரு இல்ல. நடுவருங்க கூத்து பாத்தாங்களா, தூங்குனாங்களா?"

"தூங்குனவங்களுக்குத்தான் பாய் பழைய ஜோக்கும் புதுசா இருக்கும்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ரிட்டயர்ட் தலைமையாசிரியர்.

"சரி, அந்த மீச வெச்ச பாஞ்சாலிக்கு என்னா சொல்றீங்க சார்?"

"அது புதுமுயற்சி."

"புதுமுயற்சியா? துச்சாதனன் யாரப் புடிச்சி இழுக்கறதுன்னு தெரியாம முழிச்சான் சார் அன்னிக்கி!"

இதே சண்டை குழுவிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் அனுப்பிய குரல்பதிவு துகில் கூத்தைவிட நீளம். இன்னொருவர் கூத்தே பார்க்காதவர், எல்லாருக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே என்னை வேறு இழுத்தார்கள். "பொம்மை செய்பவர் ஏன் மௌனம்?" "அவருக்கு முன்பே தெரியும்." எனக்குத் தலை வலித்தது. ஒரு வாய் டீ குடிக்கவிடாமல் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எரிச்சலில் எழுதினேன்:

"ஆமாம். பட்டியல் போட்டதே நான்தான். யார் மூஞ்சி என் அச்சில் நிற்கவில்லையோ அவர்களை எல்லாம் ரிஜெக்ட் செய்துவிட்டேன்."

கடைசியில் ஒரு சிரிக்கிற மூஞ்சி போட்டிருக்க வேண்டும். டீ ஆறிவிடும் என்று போடவில்லை.

உடனே ஒருவர் கேட்டார், "சொந்த மச்சினனையேவா?"

ஐயா, அது ஜோக்கு என்று விளக்கினேன். விளக்கம் கொடுக்கிற ஜோக்கை உலகத்தில் யாரும் நம்புவதில்லை. மடியில் கனம் இல்லாதவன் ஏன் இவ்வளவு விளக்குகிறான் என்று கேட்டார்கள். விளக்குவதை நிறுத்தினேன். பார்த்தீர்களா, வாயடைத்துவிட்டது என்றார்கள்.

வீட்டுக்குப் போனால் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"ஏங்க, எந்தம்பி மூஞ்சி ஒங்க அச்சுல நிக்கலையாமே?"

"ஏய், அது ஜோக்குடி."

"சிரிப்பே வரல எனக்கு."

"எனக்கும்தான் வரல இப்ப."

"காலையிலேர்ந்து அவனுக்கு போன் அடிக்கறேன். சுவிச் ஆஃப். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். தட்டு மாத்தும்போது தாய்மாமன் வந்து நிக்கலன்னா சம்பந்தி வூட்டுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் கோபித்துக்கொள்ளாமல் ஒரு விசேஷமும் நடந்ததில்லை. பத்திரிகையில் பெயர் ஒரு வரி கீழே போனால் கோபம். பந்தியில் உடைந்த அப்பளம் விழுந்தால் கோபம். கோபம் சடங்கிலேயே சேர்த்தி. அதற்குப் பரிகாரமும் சேர்த்தி. பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குப் பழத்தட்டோடு போய் மாமன் வீட்டு வாசலில் நின்று மறுபடியும் அழைக்க வேண்டும். மாமன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு தட்டை வாங்கிக்கொள்வான், முடிந்தது. ஆனால் நான் கண்ட மாமன்கள் எல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி கோபித்தவர்கள். போனை அணைத்துவிட்டுச் சத்தமே இல்லாமல் கோபிக்கிற மாமனை நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் போனது அதனால்தான்.

பட்டறையில் வேலை ஓடவில்லை. அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டாமலே கூழை ஊற்றி, கூழ் முழுக்க என் செருப்புக்குள் போனது. காயவைத்திருந்த கிரீடத் தலைகளைப் பார்த்தால் எல்லாமே மச்சினன் ஜாடையில் முறைத்தன. சம்பந்தி "மாமன் எங்கங்க?" என்று கேட்டால் என்ன சொல்லலாம் என்று அந்தத் தலைகளிடமே சொல்லிப் பார்த்தேன். கரும்பு வெட்டு என்று சொல்லலாமா? காய்ச்சல் என்றால்? களிமண்ணிலேயே ஒரு மாமனைச் செய்து, வேட்டி கட்டி, ஓரமாக உட்காரவைத்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஆளுயரத்துக்கு என் சூளை பத்தாது. இல்லையென்றால் செய்திருப்பேன்.

கடைசியில் பாயையும் தலைமையாசிரியரையும் கெஞ்சி அழைத்துக்கொண்டு, பழத்தட்டோடு ஆட்டோவில் நல்லூருக்குக் கிளம்பினேன்.

"நீ வாயே தொறக்காத" என்றார் பாய். "மாமன் மச்சான் சண்டையத் தீத்து வெக்கறதுல நமக்கு சர்வீஸ் ஜாஸ்தி. பக்குவமா பேசணும். சத்தம் கூடாது."

"அந்தப் பட்டியல் பேச்ச மட்டும் எடுக்காதீங்க பாய்."

"நான் ஏம்பா எடுக்கறேன்?" என்றவர், "இருந்தாலும் அந்தக் கட்டியங்காரன் விஷயம் இருக்குதே சார்..." என்று தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். நல்லூர் வரும்வரை அதே பேச்சு. நான் நடுவில் உட்கார்ந்து, தட்டிலிருந்து வாழைப்பழம் உருளாமல் பிடித்துக்கொண்டு, மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

மச்சினன் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். எங்களைப் பார்த்ததும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டான்.

"வாங்க மாமா. வாங்க பாய். சார், வாங்க. என்னா, எல்லாரும் ஒண்ணா?"

வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார்கள். திறந்துவிட்டேன்.

"மாப்ள, தெரியாம சொல்லிட்டேன். ஒன் மூஞ்சிக்கு என்னா கொற? அச்சுதான் சரியில்ல. மனசுல வெச்சுக்காத. போன வருசம் காதுகுத்துல ஒனக்கு ரெண்டாம் பந்தியில எடம் போட்டாங்களே, அதுக்கும் சேத்து மன்னிச்சிடு."

அவன் என்னைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். பாயைப் பார்த்தான்.

"மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா பாய்?"

"நீ கோவமா இருக்கியே, அதுக்குத்தாம்பா வந்திருக்கோம்" என்றார் பாய், மிகப் பக்குவமாக.

"கோவமா? எனக்கா? எதுக்கு?"

"பட்டியல்ல ஒம்பேரு இல்ல. ஒங்க மாமன் ஒரு ஜோக்கு போட்டான். நீ போன அணச்சிட்ட."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தட்டு வாங்கத் தோதாகக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கினான்.

"தட்டோட வந்து நிக்கறவங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது. வெளிய சொல்லிடாதீங்க. நடுவருங்கள்ள நானும் ஒருத்தன். விழா முடியற வரைக்கும் யாருகிட்டயும் அதப் பத்தி பேசக்கூடாதுன்னுட்டாங்க. எனக்கு வாயி நிக்காதுன்னு எனக்கே தெரியும். அதான் போன அணச்சி பீரோவுல வெச்சி பூட்டிட்டேன். மார்க்கு போடறவன் பேரு பட்டியல்ல எப்படி மாமா வரும்?"

"விதிப்படி வரக்கூடாது" என்றார் தலைமையாசிரியர் திருப்தியாக.

 நான் தட்டை நீட்டினேன். அவனும் இரண்டு கையால் வாங்கினான். அப்போதுதான் பாய் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இரு. அப்ப எங்க கட்டியங்காரன் பேர வெட்டினது நீதானா?"

"பாய், அது வந்து..."

"சொந்த ஜமா ஆளயே வெட்டியிருக்க!"

"சொந்த ஜமாங்கறதாலதான் எனக்குத் தெரியும் பாய். துகில்ல நான் தலவிரிச்சி அழுதுகிட்டு நிக்கறேன். பொம்பளைங்க எல்லாம் அழுவறாங்க. இவன் பின்னாடி நின்னு சேல வெல எவ்வளவுன்னு கேக்கறான். ஜனம் குபீர்னு சிரிச்சிடுச்சி. என் அழுக அங்கயே போயிடுச்சி."

"சிரிக்க வெக்கறதுதானப்பா அவன் வேல!"

"எங்க சிரிக்க வெக்கணும்னு தெரிய வேணாமா?"

"அந்த ஜோக்கு எங்கடையில, எங்கண்ணு முன்னாடி ரெடி பண்ணது! குடு அந்தத் தட்ட." பாய் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "இது தாய்மாமனுக்கு வெச்ச தட்டு. நடுவருக்கு வெக்கல."

மச்சினன் விடவில்லை. பாயும் விடவில்லை. சமாதானம் பேச நான் கூட்டிவந்த மனிதர், என் மகளின் நிச்சயதார்த்த அழைப்புத் தட்டை என் கண்ணெதிரே இழுத்துக்கொண்டிருந்தார். "பாய், பாய், இப்பதான் பாய் சரியாச்சு" என்று நான் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தேன். வாழைப்பழச் சீப்பு கிரீஸ் டப்பாவில் விழுந்தது. தலைமையாசிரியர் அதை எடுத்துத் துடைத்தபடியே, கட்டியங்காரன் பக்கமும் நியாயம் இருக்கிறது, பாஞ்சாலி பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி, இருவரும் சேர்ந்து அவரை முறைக்கும்படி செய்தார். தட்டு கடைசியில் மச்சினன் கையில் நின்றது. வெற்றிலை மட்டும் பாய் பிடியில் வந்துவிட்டது.

திரும்பும்போது ஆட்டோவில் பாய் போனைக் குத்திக்கொண்டே வந்தார். விருத்தாசலம் வருவதற்குள், தான் தொடங்கிய குழுவிலிருந்து பாய் வெளியேறியிருந்தார். காரணம் ஒருவருக்கும் புரியவில்லை. என்னிடம் கேட்டார்கள். இந்த முறை நான் ஒன்றும் எழுதவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் சமையல்காரர்கள் வருவதற்கு முன்பே மச்சினன் என் மகளுக்குப் பட்டுப்புடவையும் பூவும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். தட்டு மாற்றும்போது என் பக்கத்திலேயே நின்றான். பாய் தன் வீட்டுக்காரம்மாவையும் பிள்ளைகளையும் அனுப்பிவைத்தார். அவர் வரவில்லை.